எட்டுத் தோப்பின் எண்ணெய்

அந்த ஃபாரத்தை நிரப்பியது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை. எங்கள் எண்ணெய்ச் சங்கத்தில் இருபத்திரண்டு பெண்கள். எழுத்து வேலை என்று வந்தால் இருபத்தொரு பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், அப்போலோனியா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பேர். அந்தப் பேர்தான் எனக்கு வினையாக வந்தது.

ஃபாரத்தில் ஒரு கேள்வி: தேங்காய் விளைந்த நிலங்களின் பெயர் என்ன? பதினொரு பெயர் எழுதினேன். அம்மா வழியில் எங்கள் குலத்துக்கு வந்த தோப்பு பதினொன்று. எட்டு எங்கள் அலு தீவில். மூன்று கடலுக்கு அந்தப் பக்கம், பூகன்வில் தீவின் புயின் கரையில். மோட்டார் படகில் ஒரு மணி நேரம். நடுவில் ஒரு எல்லை ஓடுகிறது, நாங்கள் சாலமன் தீவுகள், அவர்கள் பப்புவா நியூ கினி, கொடி வேறு, காசு வேறு என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் ஃபாரம் நாட்டைக் கேட்கவில்லையே, நிலத்தைத்தானே கேட்டது. எங்கள் ஊரில் ஒரு தோப்பின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்வதே அது எங்களுடையது என்று சொல்வதுதான். அரசாங்கக் காகிதத்தில் எழுதும் வாய்ப்பு கிடைத்தால் விடுவேனா? பதினொன்றையும் அழுத்தி எழுதினேன்.

அந்த ஃபாரம் எதற்கு என்பதை முன்பே மெனாசே வந்து விளக்கியிருந்தான். மெனாசே தலைநகர் ஹோனியாராவில் அரசாங்க ஏற்றுமதி அலுவலகத்தில் இருப்பவன். மலாய்த்தா தீவுக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல பிள்ளை. எங்கள் எண்ணெய்க்கு ஜப்பானில் ஒரு கம்பெனியைப் பிடித்துக் கொடுத்ததே அவன்தான்.

"உலகத்திலேயே ரொம்ப ஏழை நாடுங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும்மா," என்றான். "நாம அதுல இருக்கோம். அதனால நம்ம எண்ணெய்க்கு அங்க இறக்குமதி வரி கிடையாது. பெரிய நாட்டு எண்ணெய்க்கு வரி உண்டு. அதனாலதான் அந்தக் கம்பெனி நம்மகிட்ட வாங்குது. இது நம்ம நாட்டுல விளைஞ்சதுன்னு நான் ஒரு சான்றிதழ் கொடுக்கணும். அவ்வளவுதான்."

எங்கள் சங்கத்துப் பிபியானாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அட, ஏழையா இருந்ததுக்கு இன்னைக்குத்தான் ஒரு மரியாதை கெடச்சிருக்கு," என்றாள். "சரி தம்பி, இந்த எண்ணெயை வித்து நாங்க பணக்காரி ஆயிட்டா?"

"நாடே கொஞ்சம் முன்னேறிச்சுன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க."

"வரி?"

"திரும்பப் போடுவாங்க."

"கேட்டீங்களாடி? பாத்து, அளவா சம்பாதிங்க!" என்றாள் பிபியானா. எங்கள் எண்ணெய்க் கொட்டகையே சிரித்தது.

சிரித்தாலும் எல்லாருக்கும் உள்ளே ஒரு கணக்கு இருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தான் இவர்கள் கொப்பரை போடுவதை நிறுத்தினார்கள். கொப்பரை வாங்க வருகிறவன் சொன்னதுதான் விலை, அவன் வந்ததுதான் நாள். எண்ணெய் பிழியலாம், நான் பொறுப்பு என்று கோயில் வாசலில் நின்று சொன்னவள் நான். எண்ணெய் பிழியும் எந்திரம் நான்கு உதவியாக வந்தது. ஐந்து மாதம் துருவி, தகட்டில் வறுத்து, பிழிந்து, பன்னிரண்டு நீலப் பீப்பாய் நிரப்பி வைத்திருந்தோம். இது போகாவிட்டால் அந்தக் கொப்பரைக்காரன் காலில்தான் திரும்ப விழ வேண்டும். அடுத்த முறை என் பேச்சை ஒரு நாய் கூடக் கேட்காது.

கப்பலுக்கு ஏழு வாரம் இருக்கும்போது மெனாசே மறுபடி வந்தான். முகம் சரியில்லை. வெற்றிலை பாக்கு நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். பையிலிருந்து என் ஃபாரத்தையும் ஒரு வரைபடத்தையும் எடுத்து விரித்தான்.

"அம்மா, இந்தக் கடைசி மூணு பேரு எங்க இருக்கு?"

"புயின்ல. எங்க பெரியம்மா பக்கம். எங்க அக்கா ரோஸ்விதா பாத்துக்கிறா. ஏன், எழுத்துல தப்பா?"

"எழுத்துல ஒரு தப்பும் இல்ல," என்றான். "அது வேற நாடும்மா. அந்த நாடு பட்டியல்ல இல்ல. அங்க விளைஞ்ச காய் இந்த எண்ணெயில இருந்தா நான் சான்றிதழ் கொடுக்க முடியாது."

"பட்டியல்ல இல்லைன்னா? அவங்க பணக்காரங்களா?"

"அவங்க நாட்டுல செம்பு இருக்கு, தங்கம் இருக்கு, எரிவாயு இருக்கு. கணக்குப் போட்டா நம்ம அளவுக்கு ஏழை இல்ல."

எனக்கு மூக்கின் மேல் கோபம். ரோஸ்விதா வீட்டை இவன் பார்த்திருக்கிறானா? பூகன்வில்லில் இருந்த அந்தச் செம்புச் சுரங்கத்தால்தான் அங்கே பத்து வருஷம் சண்டை நடந்தது. அவர்கள் அரசாங்கம் ஒரு படகும் போகாதபடி கடல் வழியை அடைத்துவிட்டது. மருந்து இல்லை, உப்பு இல்லை, பிள்ளைகள் மலேரியாவில் செத்தன. ரோஸ்விதா இரண்டு பிள்ளைகளோடு துடுப்புப் படகில் வந்து என் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாள். இன்றைக்கும் அவள் வீட்டுக்குக் கூரை ஓலைதான், எங்கள் தெருவில் பாதி வீடு தகரமாகிவிட்டது. அவள் எங்களைவிடப் பணக்காரியாம்! யார் போட்ட கணக்கோ, போட்டவன் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. அதை அப்படியே மெனாசேயிடம் சொல்லவும் செய்தேன்.

"நான் போட்ட கணக்கு இல்லம்மா," என்றான் அவன் பொறுமையாக. "கோபப்படாதீங்க. அந்த மூணு தோப்புக் காயில பிழிஞ்ச பீப்பாய் எதுன்னு காட்டுங்க. அதை மட்டும் ஒதுக்கி வெச்சிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

நானும் பிபியானாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். அவனுக்கு எப்படிச் சொல்வது?

சங்கம் தொடங்கிய முதல் மாதமே சண்டை. என் எண்ணெய் தண்ணீர் போல வெள்ளை, உன்னுடையது கருகல் மஞ்சள், உன் பீப்பாயோடு என்னுடையதைச் சேர்க்காதே என்று முடியைப் பிடிக்காத குறை. கடைசியில் ஒரு வழக்கம் செய்தோம். பன்னிரண்டு பீப்பாயையும் வரிசையாகத் திறந்து வைப்பது. அன்றன்றைக்குப் பிழிந்த எண்ணெயை, யார் காயாக இருந்தாலும், குவளை குவளையாகப் பன்னிரண்டிலும் ஊற்றுவது. எந்தப் பீப்பாயும் யாருடையதும் இல்லை. கொண்டுவந்த காய்க்கு ஏற்பப் பங்கு. அதற்குப் பிறகு கொட்டகையில் சண்டை என்ற பேச்சே இல்லை. எங்கள் கூட்டத்தில் எதைப் பங்கு போட்டாலும் அப்படித்தான், ஒரு பன்றியை அறுத்தாலும் எல்லா இலையிலும் ஒரு துண்டு விழுந்தாக வேண்டும்.

"அப்படின்னா…" என்றான் மெனாசே.

"ஆமா தம்பி," என்றாள் பிபியானா. "பன்னெண்டுலயும் ரோஸ்விதா இருக்கா."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூணு பேரை மட்டும் அடிச்சிட்டு…" என்று தொடங்கியவன், அவனே தலையை ஆட்டி, "வேண்டாம், பொய்யாப் போயிடும். பிடிபட்டா அடுத்து இந்தத் தீவிலிருந்து ஒரு சொட்டுப் போகாது," என்றான்.

"பொய் கிடக்கட்டும்," என்றேன். "எங்க அம்மா தோப்புப் பேரை என் கையால அரசாங்கக் காகிதத்துல அடிக்கச் சொல்றியா? நாளைக்கு அந்தப் பக்கத்துக்காரன் எவனாவது அதைக் கோர்ட்டுல கொண்டு போய் நீட்டினா? பாருங்க, அவங்களே எங்களது இல்லைன்னு அடிச்சுக் கொடுத்திருக்காங்கன்னு சொல்ல மாட்டானா? அந்த ஃபாரத்தை இப்படிக் கொடு."

வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

அவன் சொன்ன ஒரே வழி இதுதான். புதிதாகப் பன்னிரண்டு பீப்பாய், எட்டுத் தோப்புக் காய் மட்டும். புது ஃபாரம், அடித்தல் திருத்தல் இல்லாமல் எட்டுப் பெயர். பழைய எண்ணெயைக் கீசோ பட்டணத்தில் சோப்புக்காரர்களுக்கு வந்த விலைக்கு விற்றுவிடலாம், அதில் எல்லாருக்கும் பழையபடி பங்கு. காய் இருந்தது. தோப்புகளில் குவிந்தே கிடந்தது. கை இல்லை. நான்கு எந்திரத்தில் இரண்டுக்குத்தான் எப்போதும் ஆள். ஐந்து மாத வேலையை ஏழு வாரத்தில் முடிக்க வேண்டும்.

"கைக்கு எல்லை உண்டா தம்பி?" என்று கேட்டேன். "அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க வந்து துருவலாமா?"

"யார் வேணும்னாலும் துருவலாம். மரம்தான் இங்க நிக்கணும்."

ரோஸ்விதா சனிக்கிழமைதோறும் காய் கொண்டுவருவாள். அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நான் கரையில்தான் நின்றேன். பத்து மணிக்குப் படகு தெரிந்தது. விளிம்பு வரை காய் மூட்டை, மூட்டைகளின் மேல் அவள், தலையில் சிவப்புத் துணி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். தூரத்திலேயே கத்தத் தொடங்கிவிட்டாள்.

"ஏண்டி அப்போலி, மரம் மாதிரி நிக்கிற? வந்து கயித்தைப் பிடி! உன் அக்கா கிழவி ஆயிட்டா, இடுப்பு போச்சு!"

கயிற்றைப் பிடித்தேன். முதல் மூட்டையை அவள் என் பக்கம் உருட்டினாள். நான் அதைத் தொடவில்லை. எங்கள் ஊரில் உறவுக்காரி கொண்டுவந்ததைக் கரையில் நின்று மறுப்பதைவிட முகத்தில் துப்பிவிடலாம். ஐம்பத்து மூன்று வயதில் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

"இறக்காதே அக்கா," என்றேன்.

"என்ன, கொட்டகை நெறஞ்சிடுச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், வரி, வரைபடம், பன்னிரண்டு பீப்பாய். அவள் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே கேட்டாள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவள் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

"என் தேங்காய் பணக்காரத் தேங்காயாடி?" என்றாள் கடைசியில்.

"அப்படித்தான் எழுதியிருக்காம்."

"எங்க ஊருக்கு வந்து இதைச் சொல்லச் சொல்லு. ஜனங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சீ, கண்ணைத் துடை. உன்னைத் திட்டினேனா? இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"காய் வேண்டாம். கை வேணும். உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வா."

"வர்றேன். எங்க பாட்டி பேத்திங்க வயித்துல நான் மண்ணைப் போடுவேனா? கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டு போக மாட்டேன், அது மட்டும் சொல்லிட்டேன். பன்னிக்குப் போடு, பால் எடுத்துக் கிழங்கு வேக வை, எந்திரத்துக்கிட்ட மட்டும் கொண்டு போகாதே." மூட்டைகளை அவளே தூக்கி மணலில் போட்டுவிட்டுப் படகைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை பதினான்கு பெண்களோடு வந்து இறங்கினாள்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சங்கம் கூடியது. வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு. பங்கு கொடுக்கலாம் என்றேன். எப்போதும் போல எல்லாரும் பங்காளிகள், ஏழு வாரம் அவர்கள் உழைப்பு இருக்கும், அதைக் காய்க்குச் சமமாக வைப்போம் என்றேன்.

பிபியானா எழுந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை. "அப்போலி, கோவிச்சுக்காதே. பங்கு காய்க்குத்தானே? இந்தப் பீப்பாயில அவங்க காய் ஒண்ணு கூட இல்ல. பங்குன்னு எழுதினா, நாளைக்கு ஹோனியாராக்காரங்க நோட்டைப் பாத்துட்டு இவங்க பேரு ஏன் இருக்குன்னு கேட்டா? திரும்ப எல்லாம் போகும். நாள் கூலி கொடுத்துடுவோம். நல்ல கூலியாக் கொடுப்போம்."

"நம்ம அக்கா தங்கச்சிக்குக் கூலியா?"

"எனக்கும் அக்காதான். எம் பையனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டணும், அதையும் பாக்கணும்ல?"

கை தூக்கச் சொன்னார்கள். கூலிக்குப் பதினெட்டுக் கை. பங்குக்கு நான்கு, அதில் ஒன்று என்னுடையது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். பிபியானா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. வேண்டுமானால் நான் சங்கத் தலைவி பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கும் அந்தப் பீப்பாய்கள் போக வேண்டியிருந்தது.

அந்த ஏழு வாரம் கொட்டகை கலகலவென்றுதான் இருந்தது. நான்கு எந்திரமும் ஓடியது. புயின் பெண்கள் வேகம், எங்கள் ஆட்களைப் போல அரட்டைக்காகக் கையை நிறுத்த மாட்டார்கள். ரோஸ்விதா வறுக்கும் தகட்டின் பொறுப்பு. துருவலை அள்ளிப் பார்த்தே இன்னும் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிடுவாள். முன்பு சனிக்கிழமைகளில் வரும்போதும் அவள் வேலை அதுதான். ஆனால் முன்பெல்லாம் எண்ணெய் இறங்கினால் விரலில் தொட்டு என் மூக்கில் தடவி, "பாருடி, எங்க காய்!" என்பாள். இப்போது இறங்கிய எண்ணெயைப் பார்ப்பதுகூட இல்லை, அடுத்த துருவலை எடுத்துக்கொள்வாள். பிபியானா எதையாவது சொல்லிச் சீண்டினால் சிரிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் என்று எப்படியோ ஆகிவிட்டது. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் போகவில்லை.

மெனாசே வந்து ஒவ்வொரு பீப்பாயையும் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், எட்டுத் தோப்புக்கும் நடந்தே போய்ப் பார்த்தான். சான்றிதழில் முத்திரை குத்தி என் கையில் கொடுத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. இந்தத் தீவிலிருந்து இப்படி ஒன்று போவது இதுதான் முதல் தடவை என்றான். பீப்பாய்கள் படகில் ஏறியபோது பெண்கள் பாடினார்கள். புயின் பெண்களும் சேர்ந்து பாடினார்கள்.

அந்தச் சான்றிதழ் உதவியதா என்று யாராவது கேட்டால், உதவியது என்றுதான் சொல்வேன். பொய் சொல்ல எனக்கு வராது. ஜப்பான்காரன் ஒரு பைசா பிடிக்காமல் கொடுத்தான், இன்னும் இருபது பீப்பாய் வேண்டும் என்று கேட்டான். கொப்பரைக்காரன் கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான், கூப்பிட ஆளில்லை. பிபியானா மகன் கீசோவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். மழைத் தண்ணீர் பிடிக்கக் கொட்டகைக்கு ஒரு பெரிய தொட்டி வாங்கினோம். நம்மால் ஒன்று ஆகும் என்று இருபத்திரண்டு பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு விலையே இல்லை. புயின் காய் மறுபடி கொப்பரையாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன்.

இருபது பீப்பாய் வேலை தொடங்கி இரண்டாம் வாரம் அது. சாயங்காலம் எந்திரத்தை நிறுத்தி, கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். புயின் பெண்கள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு படகுக்குப் போனார்கள். கடைசியாக ரோஸ்விதா வந்தாள். கொடுத்தேன். வாங்கி இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். போகவில்லை, நின்றாள்.

"என்னக்கா?"

"நாளைக்கு வேலை இருக்குமா?" என்றாள். "சொல்லிட்டீங்கன்னா விடியறப்பவே கெளம்பி வந்துடுவோம்."

கேலிதான் செய்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள், என் தலையில் பேன் பார்த்தவள். அவள் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இருக்கு," என்றேன். "வாங்க."